என் மகன் அடிவாங்கிய மூன்று சனிக்கிழமைகள்

1

ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஹம் நகரத்து ரெயில் நிலையத்தின் சுரங்கப்பாதையில் போன கிழமை புதிதாக ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். முகமூடி போட்ட பெரிய உடம்பன் ஒருவன், தலையில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் தொப்பியும் விளக்குமாக, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்கிறான். வலது முன்கையில் ஒரு கறுப்புப் பட்டி. அந்தப் பட்டிக்குக் கீழே இருக்கும் எலும்பைப் போன வருடம் உடைத்தவன் நான்.

வேலைக்குப் போகும்போதும் அவனைப் பார்க்கிறேன், திரும்பி வரும்போதும் பார்க்கிறேன். நான் கம்பி இழுக்கும் தொழிற்சாலை ஒன்றில் நிற்கிறேன். பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் துருக்கிக்காரன் இன்னமும் என்னைக் கண்டால் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிச் சரணடைகிறான். பகிடிதான், நானும் சிரித்துவைக்கிறேன். ஆனால் ஊரில், உரும்பிராயில் இருக்கும் என் மச்சான், மனைவி வதனாவின் தம்பி, நான் அந்த எலும்பை உடைக்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு, "அத்தான், நீங்களும் ரெஸ்லிங்குக்கு இறங்கிட்டியளோ?" என்று குரல்செய்தி அனுப்பியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரெல்லாம் பார்த்துவிட்டது. பார்த்த ஒருவருக்கும் என்ன நடந்தது என்று தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் மகன் நிரோஷ் ஹம்மில் பிறந்தவன். இருபத்தேழு வயது. பேஸ்பால் விளையாடுகிறவன். கிரிக்கெட்டுக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். தட்டை மட்டைக்குப் பதிலாக உருண்டைக் கட்டை, ஸ்ரம்ப் கிடையாது. நான் அவனுக்கு ஆசையாகக் கிரிக்கெட் மட்டை வாங்கிக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் பின்னேரம் நடக்கும் விளையாட்டுக் குழு ஒன்றில் யாரோ அவன் கையில் மற்றக் கட்டையைக் கொடுத்துவிட்டார்கள். அதோடு என் கதை முடிந்தது.

ஜெர்மன்காரருக்கு உதைபந்தைத் தவிர வேறொரு பந்தும் கண்ணில் படாது. ஆனாலும் பேஸ்பாலுக்கும் இங்கே தேசிய லீக் இருக்கிறது, அதில் நிரோஷ் பெரிய ஆள். நாட்டு அணிக்கும் விளையாடினான். ஒருமுறை அவன் அடித்த பந்து மைதான வேலிக்கு மேலால் பறந்து ஐஸ்கிரீம் வான் ஒன்றின் முன் கண்ணாடியை நொறுக்கியது. அந்த வீடியோதான் அவனை நாடு முழுக்கக் கொண்டுபோனது. தமிழ்க் கடைக்குப் போனால் நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள்.

"தம்பி, அந்த அடிக்கு எத்தினை ஓட்டம் குடுத்தவங்கள்?"

"ஒண்டு, மாமா."

"ஒண்டோ? வேலிக்கு மேலால போனதுக்கு ஒண்டோ?"

முகம் விழுந்துவிடும். எனக்குந்தான் விழுந்தது, வெளியில் காட்டவில்லை.

2

அந்தக் கண்ணாடி வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் மல்யுத்தக் காட்சி நடத்தும் ஒருவன் நிரோஷுக்குத் தொலைபேசி எடுத்தான். ஊரில் நீங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள், அதே சாமான்தான். வெல்வது யார், தோற்பது யார், எந்த நேரத்தில் யார் விழுவது எல்லாம் முதலே பேசிவைத்தது. ஆனால் விழுந்தால் விழுந்ததுதான். மேடைப் பலகைக்குப் பேசிவைத்தது தெரியாது.

இந்தப் பக்கத்துச் சின்னக் கொம்பனி அது. ஒவ்வொரு வருடமும் ஹம்மில் பெரிய காட்சி வைக்கிறபோது வெளியே பெயரெடுத்த ஒருவரை விருந்தாளியாகக் கூப்பிட்டு, அவரை மேடையில் வைத்து அடிப்பார்கள். சனம் அதற்கென்றே வரும். பெயரெடுத்தவன் அடிவாங்குவதைப் பார்ப்பதில் எல்லா நாட்டுச் சனத்துக்கும் ஒரு சுகம் இருக்கிறது.

முதல் வருடம் நானும் வதனாவும் இரண்டாவது வரிசையில் இருந்தோம். நிரோஷ் தன் அணியின் மேற்சட்டையோடு, கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, கயிறு கட்டிய சதுர மேடைக்கு ஏறினான். ஒலிவாங்கியை எடுத்து, சிரித்துக்கொண்டு, ஜெர்மனில் சொன்னான்: "உங்கட ஊருக்கு வாற ரெயின்கூட இஞ்ச வந்துதான் ரெண்டாப் பிரிஞ்சு ஓடுது. ஒரு பாதிக்கும் இஞ்ச நிக்க விருப்பமில்லை."

பேர்லினிலிருந்து வரும் ரெயின் உண்மையிலேயே ஹம்மில் நின்று இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கம் போகும். இந்த ஊர்க்காரருக்கு அது சுடும். மண்டபம் எழும்பி நின்று ஊளையிட்டது. பியர்க் கோப்பைகள் பறந்தன. எனக்குப் பின்னால் இருந்த ஒருவன், கழுத்து எங்கே முடிந்து தலை எங்கே தொடங்குகிறது என்று தெரியாத ஒருவன், "உன்ர நாட்டுக்குப் போடா" என்று கத்தினான். நிரோஷ் பிறந்த ஆஸ்பத்திரிக்கு அந்த மண்டபத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

அப்போது விளக்கெல்லாம் அணைந்து, சுரங்கத்துச் சங்கு ஊதி, இருட்டில் ஒற்றை விளக்கு ஆடி ஆடி வந்தது. "ஷ்டைகர், ஷ்டைகர்" என்று சனம் காலால் பலகையை உதைத்தது. ஷ்டைகர் என்றால் சுரங்கத்து மேற்பார்வைக்காரன். அதுதான் அந்தப் பெரிய உடம்பனின் மேடைப் பெயர், இந்த ஊரின் செல்லப்பிள்ளை அவன். நிரோஷின் சட்டையைப் பிடித்தான், நெஞ்சில் உள்ளங்கையால் அறைந்தான். ஈரச் சாக்கைச் சுவரில் அடித்த சத்தம். பிறகு என் பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கி, முழங்காலில் விழுந்து, தலையைப் பலகையில் இறக்கினான். வதனா என் தொடையைப் பிடித்த பிடியில் அடுத்த நாள் அந்த இடம் நீலமாகக் கிடந்தது.

பின்னால் உடுப்பு மாற்றும் அறைக்குப் போனால் இரண்டு பேரும் ஒரு தட்டில் பொரித்த உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தார்கள். முகமூடியைக் கழற்றினால் அவன் பெயர் டோர்ஸ்டன். பகலில் முதியோர் இல்லத்தில் வேலை, கிழவர்களைக் கட்டிலிலிருந்து தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோகிறவன். என் கையை மெதுவாகப் பிடித்து, "பயப்படாதீர்கள், தூக்குவதுதான் என் தொழில்" என்றான். நிரோஷின் தலை பலகையில் படவேயில்லையாம், அவன் தொடைகளுக்கு நடுவில் பத்திரமாக இருந்ததாம். ஒருவரையொருவர் கையில் அமத்தி, எல்லாம் சரி என்று சொல்லிக்கொள்வார்களாம்.

காரில் வரும்போது நான் வாயை வைத்துக்கொண்டு இருக்கவில்லை.

"பின்னால நிண்டவன் கத்தினது கேட்டதோ?"

"கேட்டது அப்பா. நான் கெட்டவன் வேசம். கெட்டவனுக்கு அவங்கள் கத்தத்தான் வேணும். கத்தேல்லை எண்டால் நான் வேலை செய்யேல்லை எண்டு அர்த்தம்."

"எந்த நாட்டுக்குப் போகச் சொன்னவன் எண்டு கேட்டனியோ?"

"ஸ்ரெஸ் பண்ணாதேங்கோ அப்பா" என்று பாட்டைப் போட்டுவிட்டான்.

இரண்டாம் வருடம் பழிவாங்கும் கதை. ஹம் நகரத்துக்கு யானைதான் அடையாளம், ஊரெல்லாம் யானைச் சிலை நிற்கும். அந்த யானைக்குரிய பெரிய பஞ்சு உடுப்புக்குள் நிரோஷ் ஒளிந்துகொண்டு போய் டோர்ஸ்டனைப் பின்னாலிருந்து தாக்கவேண்டும் என்று எழுதிவைத்திருந்தார்கள். இந்த முறை எங்கள் ஆட்களும் கொஞ்சப் பேர் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். தும்பிக்கை ஆட்டிக்கொண்டு யானை மேடைக்கு வந்ததும் வதனாவின் இரண்டு கைகளும் தன்பாட்டில் எழும்பி நெற்றியில் குட்டிக்கொண்டன. பக்கத்தில் இருந்த அக்கா ஒருவரும் குட்டினார். பிறகு அந்த யானையை ஷ்டைகர் தும்பிக்கையில் பிடித்துச் சுழற்றி, மூலைக் கம்பத்தில் மோதி, மேலே ஏறி முழங்கையால் குத்து குத்தென்று குத்தியபோது ஒருவருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வதனா கோயிலில் ஒரு தேங்காய் கூடுதலாக உடைத்தாள்.

3

மூன்றாம் முறையும் நிரோஷைக் கூப்பிட்டார்கள் என்று தெரிந்ததும் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் குலம் அண்ணை வீட்டுக்கு வந்தார். தபால் பிரிக்கும் இடத்தில் வேலை செய்து ஓய்வெடுத்தவர், நல்ல மனுசன், ஆனால் ஒலிவாங்கியைக் கண்டால் விடமாட்டார்.

"தம்பி, எங்கட பிள்ளையை வெள்ளைக்காரன் மூண்டாம் தரமும் சிறப்பு விருந்தினரா அழைக்கிறான். நாங்கள் பேசாமல் இருந்தால் சரியில்லை. ஒரு பொன்னாடை போர்க்கவேணும்."

"அண்ணை, அவனை அடிக்கிறதுக்குத்தான் கூப்பிடுறாங்கள்."

"அது பிறகு. அடிக்கிறதுக்கு முதல் போர்ப்பம்."

எங்கள் ஆட்கள் இரண்டு பேர் ஒரு மேடையில் நின்றால் மூன்றாவதாக ஒரு பொன்னாடை வந்துவிடும். பள்ளிக்கூட விழா, பூப்பு நீராட்டு, நூல் வெளியீடு, எதுவானாலும் சரி. அதை நிறுத்த என்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். காட்சி நடத்துகிறவனிடம் கேட்டார்கள். அவனுக்குச் சந்தோசத்தில் ஒரே புளுகம், 'கலாசாரம், அருமை' என்றான். கெட்டவனைக் கொண்டாட ஒரு கூட்டம் வந்தால் சனத்துக்கு இன்னும் கோபம் வருமல்லவா. டோர்ஸ்டனுக்கு இதைச் சொன்னார்களோ தெரியாது. ஒத்திகையில் பொன்னாடை இருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை குலம் அண்ணை கோட் சூட்டோடு கயிற்றுக்கிடையால் குனிந்து ஏறினார். வாழைப்பழ நிறத்தில் சரிகைக் கரை வைத்த பொன்னாடை. அதற்கு முந்தின மாதம் தமிழ்ப் பள்ளி விழாவில் பிரதம விருந்தினருக்குப் போர்த்த பொன்னாடை வழுக்கி, குத்துவிளக்கில் விழுந்து பொசுங்கிப்போனது. அந்த அவமானம் அவருக்கு மனதில் இருந்தது. ஆகவே இந்த முறை நிரோஷின் தோளில் போர்த்திவிட்டு, வழுக்காதபடி தொண்டைக்கடியில் ஒரு முடிச்சுப் போட்டார். நல்ல இறுக்கமாகப் போட்டு, நுனி இரண்டையும் தோளுக்கு மேலால் பின்பக்கம் எறிந்துவிட்டார். சனம் ஊளையிட்டது. அதை வரவேற்பு என்று நினைத்து நாலு பக்கமும் கும்பிட்டார். நாங்கள் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

சங்கு ஊதியது. விளக்கு ஆடி வந்தது. டோர்ஸ்டன் குலம் அண்ணையை இரண்டு விரலால் மரியாதையாக ஓரமாக்கி இறக்கிவிட்டான். பிறகு தொடங்கியது. வயிற்றில் முழங்காலால் ஒன்று, முதுகில் முழங்கையால் ஒன்று. நிரோஷைக் கயிற்றில் எறிந்து, திரும்பி வந்தவனின் நெஞ்சில் முழுக் கையால் வெட்டிச் சாய்த்தான். எச்சில் பறந்தது வெளிச்சத்தில் தெரிந்தது. எல்லாம் நல்ல அடி, எல்லாம் பேசிவைத்த அடி. மூன்றாம் வருடம் என்றபடியால் எனக்கும் கண் பழகியிருந்தது. எந்தச் சத்தம் காலால் பலகையை உதைப்பது, எந்தச் சத்தம் தசையில் படுவது என்று சொல்லுமளவுக்குப் பழகியிருந்தேன்.

பிறகு டோர்ஸ்டன் அந்தப் பொன்னாடையைக் கண்டான். முழங்காலில் நின்ற நிரோஷின் பின்னால் போய், இரண்டு நுனிகளையும் எடுத்து, சனத்துக்குக் காட்டினான். சனம் 'ஓ' என்றது. நுனியைக் கையில் சுற்றினான். சும்மா தோளில் கிடக்கும் துணி, இழுத்தால் நழுவி வரும் என்று நினைத்திருப்பான். முடிச்சு அவனுக்குத் தெரியாது. பின்னுக்குச் சாய்ந்து இழுத்தான்.

முதலில் நிரோஷின் கைகள் சனத்தைப் பார்த்து ஆடின. நடிக்கிறவனின் கை சனத்தைப் பார்த்துத்தான் ஆடும். பிறகு அந்தக் கைகள் சனத்தை மறந்துவிட்டன. இரண்டும் கழுத்துக்குப் போயின, நகத்தால் துணிக்கு அடியில் போகப் பார்த்தன. முகம் கறுத்தது. டோர்ஸ்டனுக்கு அது தெரிய வழியில்லை. அவன் பின்னால் நின்று, முகமூடி ஓட்டையால் சனத்தைப் பார்த்து உறுமிக்கொண்டிருந்தான். கை எட்டாத தூரம், அமத்திச் சொல்லவும் ஏலாது. நான் கத்தினேன். அந்த மண்டபத்தில் எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள். படம் எடுக்கவென்று மேடையின் மற்றப் பக்கம், டோர்ஸ்டனின் முதுகுப் பக்கம் போயிருந்த வதனா கைத்தொலைபேசியில் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்போது நிரோஷின் இடது கை கழுத்தை விட்டு வழுகிக் கீழே விழுந்து, விரல்கள் ஐந்தும் விரிந்துகொண்டன.

நான் மேடைக்கு எப்படி ஏறினேன் என்று இப்போதும் தெரியாது. மூலையில் அவனுடைய பேஸ்பால் கட்டை சாத்தியிருந்தது. எடுத்தேன். டோர்ஸ்டனின் தலை எனக்குப் பக்கத்தில்தான் இருந்தது. தலையில் அடிக்கவில்லை. விடவேண்டியது கை. கையில்தான் அடித்தேன், உள்ள பலம் முழுக்கச் சேர்த்து அடித்தேன். எலும்பு போன சத்தம் எனக்குக் கேட்டது.

மண்டபம் சந்தோசத்தில் எழும்பி நின்றது. கெட்டவனின் தகப்பனும் வந்துவிட்டான் என்று சின்னப் பிள்ளைகள் கைதட்டின. நான் நிரோஷின் மேல் விழுந்து முடிச்சைப் பிடுங்கினேன். வரவில்லை. பல்லால் கடித்தேன். சரிகை உதட்டை வெட்டியது, வாயெல்லாம் இரத்தம். கடைசியில் இளகியது, உள்ளே காற்றுப் போகிற சத்தம் கேட்டது, அதே நேரம் காவல்காரர் இரண்டு பேர் என்னைப் பிடித்துப் பலகையில் அடித்தார்கள். ஒருவனின் முழங்கால் என் முதுகில். முகம் பலகையில் தேய்ந்தது. டோர்ஸ்டன் கையைப் பிடித்துக்கொண்டு தாயைக் கூப்பிட்டான். அப்போதுதான் சனத்துக்கு இது கதையில் இல்லாதது என்று விளங்கியிருக்கவேண்டும். யாரோ ஒருவன் தொடங்கினான், பிறகு ஒரு பகுதி முழுக்கச் சேர்ந்துகொண்டது. "அப்ஷீபன், அப்ஷீபன்." நாடுகடத்து, நாடுகடத்து. தாளம் தவறாமல் சொன்னார்கள். இந்த நாட்டில் கடையில் வாங்கித் தின்னும் பாணுக்கு என்ன சொல் என்று படிக்க முதல் நான் படித்த சொல் அது.

நிரோஷ் இருமி இருமி எழும்பி உட்கார்ந்தான். கண்ணில் இரத்தம் கட்டியிருந்தது. என்னைப் பார்த்தான்.

"அப்பா, என்ன செய்தனீங்கள்?" என்றான்.

4

வதனா எடுத்த படத்திலும் அந்தப் பக்கமிருந்து மற்றவர்கள் எடுத்துப் பரவிய படங்களிலும் டோர்ஸ்டனின் அகன்ற முதுகுதான் தெரிகிறது. அந்த முதுகுக்கு அங்கால் என் பிள்ளை செத்துக்கொண்டிருந்தது ஒன்றிலும் இல்லை. வயதுபோன கறுத்த மனிதன் ஒருவன் ஓடி வருகிறான், கட்டையை எடுக்கிறான், கையை உடைக்கிறான். இவ்வளவுந்தான் ஊர் பார்த்தது, மச்சான் பார்த்தது, பொலிஸ் பார்த்தது.

ஆபத்தான உடற்காயம் விளைவித்தல் என்று என் பேரில் வழக்குப் பதிந்தார்கள். ஜெர்மனில் அதற்கு இரண்டு சொல், இரண்டாவது சொல் ஒரு ரெயின் பெட்டி நீளம். என்னுடைய குடியுரிமை அன்ட்ராக் அந்த நேரம்தான் கடைசி மேசைக்குப் போயிருந்தது. இத்தனை வருடம் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிவிட்டுப் போட்ட விண்ணப்பம். வழக்கு முடியும்வரை அதைத் தொடமாட்டோம் என்று அந்த அலுவலகத்துப் பெண் சொன்னாள், சொல்லிவிட்டு இனிய வார இறுதியும் வாழ்த்தினாள்.

எங்கள் ஆட்களிடம் வேறு கதை ஓடியது. குலம் அண்ணை என்னைக் கண்டால் கடையில் மற்றப் பக்கத் தட்டுக்குப் போய்விடுவார். இங்கே பிறந்து சமூக சேவை படித்த ஒரு பிள்ளை, "அங்கிளுக்கு ட்ரௌமா" என்று சொல்லியிருக்கிறாள். அது பரவிவிட்டது. சண்டையிலிருந்து வந்தவர், பழைய ஞாபகம், நாடகத்தை உண்மையென்று நினைத்துவிட்டார், பாவம். எல்லாரும் என்னைப் பார்த்துப் பாவப்பட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடித்ததற்குக் கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆனால் எனக்கு ஊரும் பொலிசும் ஒரு பொருட்டில்லை. நிரோஷ் என்ன சொல்கிறான் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அவன் கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு கிடந்தது. குரல் கரகரத்தது. வதனா எண்ணெய் பூசப் போனால் கயிற்றில் உரசினது என்றான். அந்த வெயிலிலும் கழுத்து மூடின சட்டை போட்டான்.

"நீ மூச்சு விட்டனியோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லு" என்று ஒருநாள் சமையலறையில் வைத்துக் கேட்டேன்.

"அப்பா, அது ஷோ. நான் அங்க வேலை செய்தனான். டோர்ஸ்டனுக்குக் கையில பிளேட் வைச்சிருக்கு. ஆரையும் தூக்க ஏலாது இப்ப அவனால."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"எனக்கு ஒண்டும் நடக்கேல்லை" என்று சொல்லிவிட்டு அவன் வெளியே போனான். வதனா அடுப்பைப் பார்த்தபடி, "அவன்தான் ஒண்டுமில்லை எண்டுறானே, விடுங்கோவன்" என்றாள். மூன்று பேர் இருக்கிற வீட்டில் நான் மட்டும் கண்டிருக்கிறேன். சில நேரம் குளியலறைக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து, உண்மையாகவே எனக்குப் பிசகிவிட்டதோ என்று யோசித்தேன். இல்லை, அந்த விரல்களைக் கண்டேன் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன்.

5

வழக்கறிஞரிடம் போக டெர்மின், நாளும் நேரமும் குறித்து, கிடைத்தது. மொழிபெயர்க்க நிரோஷ் வந்தான். எட்டு வயதிலிருந்து அவன்தான் எங்கள் வாய். வைத்தியர், வரி அலுவலகம், வெளிநாட்டவர் அலுவலகம் எல்லாவற்றுக்கும் அவன்தான் வருவான். அவனுடைய ஆசிரியை அவனைப் பற்றியே முறைப்பாடு சொன்னபோதுகூட, 'நல்லாப் படிக்கிறானாம்' என்று மொழிபெயர்த்துத் தந்தவன். எனக்குத் தொழிற்சாலை ஜெர்மன் தெரியும், சொல்வது விளங்கும். சட்டம் பேச வராது.

வழக்கறிஞர் நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டிய ஒரு அம்மா. கோப்பி தந்தார். வழி இலகு என்றார். இவர் போர் நாட்டிலிருந்து வந்தவர், வயதானவர், இப்படியான காட்சிகள் பழக்கமில்லை, நடப்பது உண்மையென்று நம்பிவிட்டார். அப்படி எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் வழக்கை மூடிவிடுவார்கள், குடியுரிமைக்கும் தடங்கல் வராது.

நிரோஷ் அதைத் தமிழில் சொல்லிவிட்டு, தன் பங்குக்கும் சொன்னான். "ஓம் எண்டு சொல்லுங்கோ அப்பா. முடிஞ்சிடும்."

"இல்லை" என்றேன். "எனக்கு அது விளையாட்டு எண்டு தெரியும். மூண்டு வருசமாத் தெரியும். தெரிஞ்சபடியாத்தான் விளையாட்டு எங்க முடிஞ்சது எண்டும் தெரிஞ்சது. இதைச் சொல்லு."

அவன் சொல்லவில்லை. வழக்கறிஞர், "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார். "களைத்துப்போனார்" என்று ஜெர்மனில் சொன்னான்.

"நைன்" என்று நானே ஜெர்மனில் மறுத்தேன். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். நிரோஷின் பக்கம் திரும்பி, "நான் இப்ப சொல்லப்போறதில ஒரு சொல்லும் விடாதை. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்றேன்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி விசாரணையில் இதே விசயத்தை ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அங்கே இருந்த மொழிபெயர்ப்பாளர் நான் அழுதழுது சொன்னது முழுவதையும், 'துன்புறுத்தப்பட்டிருக்கிறார்' என்று ஒரே வசனத்தில் முடித்தார். அதற்குப் பிறகு நான் ஒருவருக்கும் சொன்னதில்லை, வதனாவுக்கும் அரைவாசிதான் தெரியும்.

ஒரு முகாம். எந்தத் தரப்பின் முகாம் என்று எழுதினால் இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் கோபிப்பார்கள், மறுபாதி சந்தோசப்படுவார்கள். அதனால் எழுதவில்லை. ஒரு கதிரை. பின்னால் ஒருவன் நின்று இடுப்பில் கட்டும் சாரத்தை நனைத்து முறுக்கி என் கழுத்தில் போட்டு இழுப்பான். விடுவான், கேள்வி கேட்பான், பிறகும் இழுப்பான். முன்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். முதலில் கால் அடிக்கும். பிறகு காதுக்குள் தண்ணீர் இரைகிற சத்தம் வரும். வாயில் இரும்பு உருசிக்கும். பிறகு கையைத் தூக்கவேண்டும் என்று நினைப்போம், கை கேட்காது. உன் கை இல்லை அது, வேறு யாருடையதோ. நான் இதை வசனம் வசனமாகச் சொன்னேன். நிரோஷ் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்து வசனம் வசனமாக ஜெர்மனில் சொன்னான். ஒன்றும் விடவில்லை. எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

கை கேட்காது என்ற இடத்தில் அவன் நின்றான். நானும் தண்ணீர் குடிக்க நிறுத்தினேன். நான் கோப்பையை வைக்க முதல் அவன் தொடர்ந்து பேசத் தொடங்கினான். வெளிச்சங்கள் எல்லாம் சின்னதாகப் போகும் என்றான். மேலே இருக்கும் பெரிய விளக்குகள் தூரத்துக்குப் போய்ப் புள்ளியாகிவிடும். சனம் கத்துவது சுவருக்கு அங்கால் கேட்கும். பிடித்திருக்கிறவனின் கையைத் தேடி அமத்தவேண்டும், ஆனால் கை எங்கே இருக்கிறது என்று தெரியாது.

என்னை வைத்திருந்த அறையில் விளக்கே இருக்கவில்லை. வழக்கறிஞர் எழுதுவதை நிறுத்தினார்.

"இதை உங்கள் அப்பாவா சொன்னார்?"

"இல்லை" என்றான் நிரோஷ். "இது நான் சொல்றது." சட்டைக் கழுத்தைக் கீழே இழுத்து, அந்தக் கோட்டை அவருக்குக் காட்டினான். அழுதான். அவன் அழுது நான் பார்த்துப் பல வருடம். டோர்ஸ்டன் ஆஸ்பத்திரியில் வைத்து, 'நான் உன்னை ஏதும் செய்துவிட்டேனா' என்று திரும்பத் திரும்பக் கேட்டானாம். இல்லை என்று இவன் சத்தியம் பண்ணிக் கொடுத்தானாம். இதை வெளியில் சொன்னால் விசாரணை டோர்ஸ்டன் பக்கம் திரும்பும், முதியோர் இல்லத்து வேலையும் போய்விடலாம் என்ற பயம். சொல்லாவிட்டால் தகப்பனைப் பைத்தியமாக்கவேண்டும். இரண்டில் ஒன்றை அவன் எடுத்துக்கொண்டு திரிந்திருக்கிறான்.

"சரி, இதை முதலே சொல்லியிருக்கவேண்டும்" என்றார் வழக்கறிஞர், கோபமில்லாமல். பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிய தாளில் 'நோட்ஹில்ஃப' என்று எழுதினார். ஆபத்தில் இருக்கிற இன்னொருவரைக் காப்பாற்ற அடிப்பது. அதற்கு இங்கே சட்டத்தில் இடமிருக்கிறதாம்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் வழக்கை மூடினார்கள். டோர்ஸ்டனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள், முடிச்சு இருந்தது தெரியாது என்று சொன்னான், அது உண்மை, அவனையும் விட்டார்கள். ஆனால் அவன் நிரோஷோடு பேசுவதில்லை. நான் எழுதிய கடிதத்துக்கும் பதில் இல்லை. இந்த வருடக் காட்சிக்கு விருந்தாளியாக வேறு யாரோ ஒரு சமையல்காரன் வருகிறான். நிரோஷ் பேஸ்பால் மட்டும் விளையாடுகிறான். என் அன்ட்ராக் இன்னமும் கடைசி மேசையில்தான் கிடக்கிறது.

அன்றைக்கு வழக்கறிஞரின் கந்தோரால் இறங்கி வந்து காரில் ஏறினோம். நிரோஷ் சாவியைப் போட்டான், ஆனால் காரை எடுக்கவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. நான் பட்டியை மாட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

"அப்பா."

"ம்."

"அந்த முகாமில உங்களை ஆர் வந்து காப்பாத்தினது?"

"ஒருத்தரும் வரேல்லை" என்றேன். "இழுத்தவனுக்குக் கை நொந்து போச்சு."